வரிசையில் கடைசி ஆள்

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராதுங்க, இக்கட்டால வாங்க. உள்ள போனது உங்க ஊட்டம்மாங்களா? முழங்காலா? செரியாயிருமுங்க. இங்க பிசியோதெரபி பயிற்சி குடுக்கற டாக்டரம்மா சின்னப் புள்ளைதான், ஆனா நல்ல கைராசி. தூக்கிட்டு வந்த ஆளுங்க தானா படி எறங்கிப் போறதை நான் கண்ணால பாத்திருக்கறேன்.

எனக்கு ஒண்ணுமில்லீங்க. என்ற பையனுக்குத்தான், உள்ள இருக்கறான். தோள்பட்டை. எலும்புக்கு பிளேட் வச்சு ஸ்குரூ முடுக்கியிருக்குது. வண்டியில விழுந்தானான்னு எல்லாரும் கேக்கறாங்க, ஆமான்னு தலையாட்டிப் போடறது. அதுவும் வண்டிதானுங்களே. ஆனா நீங்க யாரோ நான் யாரோ, உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும். சைக்கிளுங்க. இருபத்தெட்டு வயசுப் பையன் சைக்கிள்ல விழுந்துபோட்டான்னு வெளியில சொல்ல நாக்கு வருமுங்களா? அதுவும் நான் சொல்லலாமுங்களா? கவர்மெண்டு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். திம்பம் மலையில கொண்டை ஊசி வளைவுல ஏத்தி எறக்குனவன். ஒரு கோழிக்குஞ்சு மேல சக்கரம் ஏறுனதில்லை. டிரைவர் நாச்சிமுத்துன்னு அந்த ரோட்டுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

சும்மா கடைக்குப் போறப்ப விழுந்திருந்தாக்கூட வெக்கமில்லீங்க. அவனுக்கு வேலையே அதுதான். பி.எம்.எக்ஸ்னு ஒரு சைக்கிள், பாத்திருக்கறீங்களா? நம்ம ஊட்டுச் சின்னப் பசங்க ஓட்டுமே, அந்த ஒசரந்தான் இருக்கும். சீட்டு இருக்கும், உக்கார முடியாது. மட்கார்டு இல்லை, பெல் இல்லை, ஸ்டேண்டு இல்லை. அதெல்லாம் போகட்டுமுங்க. பிரேக் இல்லை. வெளையாட்டுக்குச் சொல்லலை, நெசமாலுமே பிரேக் இல்லை. வாங்கறப்ப இருக்குமாம், இவனுங்களே கழட்டிப் போடறாங்களாம். ஹேண்டிலைச் சுத்தறப்ப ஒயரு சிக்குதாம். அப்பறம் எப்பிடிறா நிறுத்துவேன்னு கேட்டேன். ஷூவை டயர் மேல வச்சு அமுக்குவேன்ப்பாங்கறான். ஒரு டிரைவர் பெத்த மகன் பேசற பேச்சுங்களா இது?

பலகையில சாய்வா ஒரு மேடு கட்டி வச்சிருப்பாங்க. வேகமா வந்து அதுல ஏறுனான்னா அந்தரத்துல போவான். போறப்பவே ஹேண்டிலைத் தட்டி விடுவான், அது முழுசா ஒரு சுத்து சுத்தி மறுபடி கைக்கு வரும். சில சமயம் கால்ல சைக்கிளையே உதைச்சு ஒரு சுத்து சுத்த விட்டு, அதும் மேலயே வந்து நிப்பான். இதுக்குத்தான் காலேஜ் விழா, கடை திறப்பு, விளம்பரம்னு கூப்புடறாங்க. சினிமாவுல ஒரு ஹீரோ சைக்கிள்ல பறந்தாருன்னா அது ஹீரோ இல்லைங்க, என்ற பையன். மூஞ்சி தெரியாது. மூஞ்சி தெரியாத வரைக்கும் எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துது.

இஞ்சினீரிங் முடிச்சவனுங்க. முடிச்ச கையோட பெங்களூர் போனான், சரி வேலைக்குத்தான் போறான்னு நெனச்சேன். அங்க இவனாட்டவே நாலு பேரு, ஒரு பழைய குடோனு, அதுக்குள்ள பஞ்சு நெரப்பி ஒரு குழி. அந்தக் குழிக்குள்ள நாள் முழுக்கக் குதிச்சுக் குதிச்சுப் பழகறதாம். மலேசியா போய்ட்டு ஒரு கோப்பையோட வந்தான். அவங்கம்மா அதை டி.வி.க்குப் பக்கத்துல வச்சா. நான் எடுத்து பீரோவுக்குள்ள வச்சேன். வர்றவங்க எதுல ஜெயிச்சதுன்னு கேட்டா என்னன்னு சொல்றதுங்க? இந்த வயசுல சைக்கிள்ல குதிச்சு வாங்குனான்னா?

மகளுக்கு வரன் பாத்தப்பத்தான் நெம்ப சங்கடமாப் போச்சு. சம்பந்தி பெருந்துறைப் பக்கம், எண்ணெய் மில்லு வச்சிருக்கறாரு. ஈஸ்வரமூர்த்தின்னு பேரு. பெரிய மனுசர். பொண்ணு பாக்க வந்தப்ப, பையன் என்ன பண்றான்னு கேட்டாரு. பெங்களூர்ல ஒரு சைக்கிள் கம்பெனியில இஞ்சினீருன்னு சொல்லிப்போட்டேன். பொய்யாங்க அது? சைக்கிள் உண்டு, அவனுக்கு சைக்கிள் குடுக்கற கம்பெனி உண்டு, இஞ்சினீருக்குப் படிச்சதும் உண்டு. அப்ப கிருபா பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்தான். கிருபாகரன்னு பேரு, நாங்க கிருபான்னு கூப்புடுவோம். கையில காப்பித் தட்டு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. தட்டை அவருகிட்ட நீட்டி, எடுத்துக்குங்க மாமான்னான். நல்ல பையனுங்க. அந்த விசயத்துல நான் குத்தமே சொல்ல மாட்டேன். இடம் தெரிஞ்சு நடந்துக்குவான்.

அப்பிடியே போயிருந்தா ஒண்ணுமில்லை. இந்தப் பங்குனியில எங்க ஊரு கோபியில ஒரு பெரிய ஜவுளிக்கடை திறந்தாங்க. திறப்பு விழாவுக்கு இவனைக் கூப்புட்டுப் போட்டாங்க. எனக்குத் தெரியாதுங்க. ஒருநா காலையில சம்பந்தி போன் பண்றாரு. "சம்பந்தி, பஸ் ஸ்டேண்டு முன்னால ஃப்ளெக்ஸுல உங்க பையன் தலைகீழாத் தொங்கறானே, என்னங்க சமாச்சாரம்?" சிரிச்சுட்டுத்தான் கேட்டாரு. அந்தச் சிரிப்பு என்ன சிரிப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா? குடும்பத்தோட பாக்க வர்றோம்னு வேற சொன்னாரு.

போய்ப் பாத்தேனுங்க. நான் தெனமும் பஸ்ஸைத் திருப்புன அதே மூலையில, ஆள் ஒசரத்துக்கு மூணு மடங்கு. தலை கீழ, சைக்கிள் மேல. கீழ பேரு, பேருக்குக் கீழ நம்ம மண்ணின் மைந்தன்னு போட்டிருக்குது. என்னோட வேலை பாத்த கண்டக்டர்லாம் அங்க டீ குடிச்சிட்டு நிக்கறாங்க. ஏப்பா நாச்சிமுத்து, உன்ற பையன் பெங்களூர்ல இஞ்சினீருன்னியேங்கறாங்க. நான் குனிஞ்ச தலை நிமிரலைங்க. துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைக்கற மாதிரி மறைச்சுட்டு ஊடு வந்து சேர்ந்தேன்.

கிருபாவுக்குப் போன் போட்டு, வராதேன்னு சொன்னேன். வேற ஊருல என்ன கூத்து வேணும்னாலும் ஆடு, இங்க வேண்டாம்னேன். அவன் கோவப்படலை. அடுத்த மாசம் தாய்லாந்துல ஒரு போட்டியாம், அதுல ஆடறதுக்கு ஆளுங்களை அவங்களே பொறுக்கித்தான் கூப்புடுவாங்களாம், இந்த வருசம் இவன் பேரைச் சொல்லிக் கூப்புட்டிருக்காங்களாம். பத்து வருசமா அதுக்குத்தான் குதிச்சிட்டிருக்கறானாம். போறதுக்கு முன்னால நீங்க ஒருக்காவாச்சும் நேர்ல பாக்கோணும்ப்பான்னான். நீங்க பாத்ததேயில்லையேன்னான். எனக்கு அப்பவும் மனசு வரலை. சம்பந்தி வர்றாரேன்னுதான் போனேன். அவரு வந்து நான் போகலைன்னா அது வேற பேச்சாயிரும்.

கடை முன்னால வண்டி நிறுத்தற எடத்தை மறைச்சு கயிறு கட்டியிருந்தாங்க. சிமெண்டுத் தரை. வெயில்னா வெயில், அப்பிடி ஒரு வெயில். செருப்பைக் கழட்டிக் கீழ கால் வச்சேன், பொத்துப் போற மாதிரி சுட்டுது. எங்களுக்கு முன் வரிசையில சேர் போட்டிருந்தாங்க. எனக்கு இக்கட்டால சம்பந்தி, அக்கட்டால மகளும் மாப்பிள்ளையும், என்ற ஊட்டுக்காரி. பின்னால பாத்தா ஊரே நிக்குது.

அவன் ஓட்டுனான். நான் பாதி நேரம் தரையைத்தான் பாத்துட்டிருந்தேன். சனம் கத்துது, கை தட்டுது. சம்பந்தி எந்திரிச்சு நின்னு தட்டறாரு. என்னங்க உங்க பையன் இந்தப் போடு போடறான்னு என்ற தொடையில அடிக்கறாரு. கேலி பண்றாரா நெசமாச் சொல்றாரான்னு எனக்கு வெளங்கலை. நான் சிரிச்சு வச்சேன்.

அப்பறம்தான் அந்தப் படுக்கற சமாச்சாரம். இவனுங்க எங்க போனாலும் கடைசியில அதைச் செய்வாங்களாம். ஆளுங்களை வரிசையாத் தரையில படுக்க வச்சு அத்தனை பேருக்கும் மேல சைக்கிள்ல தாண்டறது. மைக்குல பேசறவன் ரஃபீக்குன்னு, கிருபாவோட கூட்டாளி, அவனும் ஓட்டறவந்தான். அவங்க ஆளுங்களே நாலு பேரு ஓடி வந்து மல்லாக்கப் படுத்துட்டாங்க, தோளோட தோளு ஒட்டி. இன்னொரு ஆள் வேணும்னு ரஃபீக் சொல்றான். ஊருப் பசங்க பூராக் கையைத் தூக்கறாங்க, நான் நான்னு. கிருபா அவங்களைப் பாக்கலை. ஹெல்மெட்டைக் கழட்டிக் கக்கத்துல வச்சுட்டு நேரா என்ற சேருகிட்ட நடந்து வந்தான்.

"அப்பா, வாங்க. கடைசியில நீங்க படுங்க."

கடைசி ஆளுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுதா? சக்கரம் எறங்கற எடம். கொஞ்சம் தூரம் கொறைஞ்சாலும் அவன் மேலதான் எறங்கும். அடுத்தவன் பெத்த பசங்களையெல்லாம் பத்திரமா முன்னால போட்டுட்டு, பெத்த அப்பனைக் கொண்டுபோய்க் கடைசியில போடறானேன்னு எனக்கு ஆத்திரம். பொறவு ஒருநா ரஃபீக் ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்றான், அந்தக் கடைசி எடம் கண்டவனுக்கும் குடுக்க மாட்டோம் அங்கிள், ஓட்டறவன் மனசுக்கு யாரு நெம்ப வேணுமோ அவங்களுக்குத்தான்னு. எனக்கெல்லாம் அவன் ஒருக்காக்கூட அந்த எடத்தைக் குடுத்ததில்லைங்கறான். கவுரவமாம். என்ன கவுரவமோ, போங்க.

மாட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சம்பந்தி, போங்க சம்பந்தி, பையன் ஆசையாக் கூப்புடறானில்லன்னுட்டு முதுகுல கை வச்சுத் தள்ளி விட்டுட்டாரு. பின்னால கண்டக்டருங்க விசிலடிக்கறாங்க. ஊரே பாக்குது. நான் எப்பிடிங்க மாட்டேங்கறது?

படுத்தேன். கிருபாவே கையைப் புடிச்சுப் படுக்க வச்சான். சட்டையோட முதுகு சுடுது. ஒரு ஜமுக்காளத்தை மடிச்சு அடியில தள்ளி விட்டான். வேட்டியை இழுத்துக் காலோட சேத்துச் சொருகுனான், சின்னப் புள்ளைக்குச் செய்யற மாதிரி. குனிஞ்சு காதுகிட்டச் சொன்னான்.

"தலையை மட்டும் தூக்காதீங்கப்பா. சத்தம் நெம்பப் பக்கத்துல கேக்கும். கேட்டாலும் தூக்காதீங்க. நான் உங்களைப் பாக்க மாட்டேன், எறங்கற எடத்தைத்தான் பாப்பேன்."

இது என்னங்க பேச்சு? ரோட்டுல ஆள் படுத்திருக்கறப்ப அவனைப் பாக்காம எவனாச்சும் வண்டி ஓட்டுவானுங்களா? நான் எத்தனையோ புதுப் பசங்களுக்கு ஸ்டியரிங் புடிக்கப் பழக்குனவன். ஆளைப் பாரு, ஆட்டைப் பாரு, அப்பறம் ரோட்டைப் பாருன்னுதான் சொல்லிக் குடுத்திருக்கறேன். இவன் பாக்க மாட்டேங்கறான். பிரேக்கும் இல்லை. இதையெல்லாம் தெரிஞ்சு வச்சுட்டு ஒரு டிரைவர் எப்பிடிங்க கண்ணை மூடிப் படுத்திருப்பான்? தெரியாதவன் படுப்பான். பக்கத்துல படுத்திருந்த அந்தப் பையன் பஸ் ஸ்டியரிங் புடிச்சு அறியாதவன், அவன் பாட்டுக்குச் சிரிச்சுட்டுக் கெடந்தான்.

அக்கட்ட இருந்து டயரு தரையில உரசற சத்தம் வருது. அப்பறம் பெடலை நிறுத்திப் போட்டான். நிறுத்துனா பின் சக்கரத்துல இருந்து கடகடன்னு ஒரு சத்தம் வருமுங்க, அந்த சைக்கிளுக்கு அது நெம்ப ஜாஸ்தி. அந்தச் சத்தம் வர வர பெருசாகுது. ஒரு பஸ்ஸு வந்தா கியர் கொறையறது தெரியும், பிரேக் புடிக்கறது தெரியும், ஆள் சுதாரிச்சுக்கலாம். இதுல ஒண்ணுமே தெரியலை. வருது, வருது, வந்துட்டேயிருக்குது.

பாத்தேனுங்க. அவ்வளவுதான். பாத்தேன். எந்திரிச்சேன்னு சில பேரு சொல்றாங்க, அதெல்லாம் இல்லை. முழங்கையை ஊனி, இந்தா, இத்தனை. நீங்களே பாருங்க, இத்தனைதான். இது எந்திரிக்கறதுங்களா? ஆருக்கா இருந்தாலும் அந்த அளவுக்குத் தலை தானா வருமில்லைங்களா? நீங்க படுத்திருந்தா உங்களுக்கு வந்திருக்காதா?

பாத்தா மேல இருக்கறான். என்னைப் பாக்க மாட்டேன்னானில்ல, பாத்துட்டான். நேரா என்ற கண்ணைப் பாத்தான். அப்பறம் சைக்கிளை அக்கட்டால ஒதறித் தள்ளிப்போட்டு இவன் இக்கட்டால விழுந்தான். சைக்கிள் எனக்கு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். என்ற மேல ஒரு தூசி படலைங்க. அவன் தோளு வண்டி நிறுத்தற எடத்து ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில போய் இடிச்சுது. அந்தச் சத்தம் வேற மாதிரி இருந்துது.

நான் அடிச்சுப் புடிச்சு எந்திரிக்கறேன், வேட்டி அவுந்து போச்சுங்க. சொருகி விட்டிருந்தானில்ல, கால்ல மாட்டிட்டு உருவிருச்சு. சம்பந்தி முன்னால, மாப்பிள்ளை முன்னால, என்னோட வேலை செஞ்சவங்க அத்தனை பேரு முன்னால பட்டாபட்டி டவுசரோட நிக்கறேன். அதை நெனச்சா இன்னைக்கும் ராத்திரியில தூக்கம் கெட்டுப் போகுது. மத்ததெல்லாம்கூட மறந்துருமுங்க, அந்த வெக்கம் மறக்க மாட்டேங்குது. சம்பந்தி ஓடியாந்து, அடி பட்டுச்சுங்களான்னு கேக்கறாரு. பிரேக் இல்லாத வண்டின்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டானான்னேன். சத்தமாத்தான் சொன்னேன். நாலு பேருக்குத் தெரியோணுமில்லைங்களா? மகளும் அவங்கம்மாளும் அவன்கிட்ட ஓடிட்டாங்க. என்ற பக்கம் வந்து வேட்டியை எடுத்துக் குடுத்தது சம்பந்திதான்.

கிருபா மயக்கமாகலை. வலியில மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு, ஆனா பேசுனான். ஒரு லோக்கல் டி.வி.க்காரன் மைக்கை நீட்டுறான், அந்த நேரத்துலயும். என்னாச்சுங்கன்னு கேக்கறான். தரையில தண்ணி கெடந்துது, சக்கரம் வழுக்கிருச்சு, என்ற தப்புதான்னு சொன்னான். சொல்லிட்டு ரஃபீக்கைக் கண்ணுலயே கூப்புட்டு என்னமோ சொன்னான். ரஃபீக் அன்னைக்கு முழுக்க ஊருப் பசங்ககிட்டப் போய்ப் போய், போன்ல எடுத்ததை அழிச்சுப் போடுங்கடான்னு கெஞ்சிட்டிருந்தானாம். நல்ல கூட்டாளி. சிநேகிதன் வழுக்கி விழுந்ததை ஊரு பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கறான்.

தாய்லாந்து போச்சு. தேதி தள்ளி வைக்கறதுக்கு அது என்ன நம்ம ஊட்டு விசேசமா? வேற ஒருத்தனைக் கூப்புட்டுட்டாங்க. ஆபரேசன் பண்ணுன டாக்டரு சொல்லிட்டாரு, கை மேல வரும், சோறு திங்கலாம், சட்டை போடலாம், ஸ்கூட்டர்கூட ஓட்டலாம். அந்தக் குதிக்கறது நடக்காது, கீழ எறங்கற வேகத்தை அந்தத் தோளு தாங்காதுன்னுட்டாரு. கிருபா கேட்டுக்கிட்டான். செரிங்க சார்னான். எனக்கு வெளிய சொல்ல முடியாத ஒரு நிம்மதிகூட வந்துதுங்க, இனியாச்சும் ஒழுங்கா ஒரு வேலைக்குப் போவானேன்னு. இதைப் போய் தப்புன்னு சொல்வீங்களா? பெத்தவன் நெனைக்க மாட்டானா?

ஊடு வந்ததுக்கப்பறம் ஒருக்கா, ஒரே ஒருக்காத்தான் கேட்டான். அவங்கம்மா கோயிலுக்குப் போயிருந்தா. நான் அவனுக்குச் சோறு பெசஞ்சு குடுத்துட்டிருந்தேன். கோவமாக் கேக்கலைங்க, மெதுவாத்தான்.

"நான் வர்ற சத்தத்துல பயந்துட்டீங்களாப்பா?"

நான் எதுக்குடா பயப்படறேன், நான் அசையவேயில்லையேன்னேன். அவன் என்ற மூஞ்சியைப் பாத்தான். அப்பறம் வாயைத் தொறந்து அந்த வாய்ச் சோத்தை வாங்கிக்கிட்டான். மென்னு முழுங்கிட்டு, செரிப்பா, வழுக்கிருச்சுதான்னான். அவ்வளவுதான் பேச்சு. அதுக்கப்பறம் யாரு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்றான். பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான். ஆனா என்ற மகளுக்கு மட்டும் அது ஏற மாட்டேங்குது. போன் பண்ணா அம்மாகிட்டக் குடுங்கறா. அன்னைக்குத் தரை காஞ்சு கெடந்துது, அதுல எங்கிருந்துப்பா தண்ணி வந்துதுன்னு ஒருநா கேட்டா. நான் என்ன கண்டேன், யாராச்சும் குடிச்சுப்போட்டு மிச்சம் ஊத்தியிருப்பாங்கன்னேன். போனை வச்சுட்டா. அவங்கம்மா எதுவும் கேக்கறதில்லை. பாயைத் தூக்கிட்டுப் போய் பையன் ரூமுல படுத்துக்கறா. அவனுக்கு ராத்திரியில தண்ணி கிண்ணி வேணுமில்லைங்களா, அதுக்குத்தான்.

சம்பந்தி இன்னும் போன் பண்ணிட்டுத்தான் இருக்கறாரு. முன்னாலெல்லாம் என்னைக் கேப்பாரு, இப்ப தம்பி எப்பிடி இருக்கறாருன்னு கேக்கறாரு. தம்பிங்கறாரு, பாத்துக்குங்க, இஞ்சினீருன்னு சொன்னப்பகூட அவன் இவன்னுதான் கேட்டாரு.

இருங்க, கூப்புடறாங்க. என்னையா? என்னைத்தான். ஊட்டுல செய்யறதுக்குப் பழக்கி விடறேன்னு போன வாரமே சொல்லியிருந்துது அந்த டாக்டர் புள்ளை. இந்தப் பையைச் சித்தெ பாத்துக்குங்க, அவன் மருந்து இருக்குது. வந்தர்றேன்.

*

ஆங். வந்துட்டேனுங்க. உங்க ஊட்டம்மா இன்னும் வரலீங்களா? வந்துருவாங்க.

இல்லைங்க, அவன் சட்டை போட்டுட்டிருக்கறான். வருவான்.

ஒண்ணுமில்லீங்க. ஒரு பயிற்சி. இனிமே தெனமும் இங்க வர வேண்டியதில்லையாம், ஊட்டுலயே பண்ணலாமாம். அவன் மல்லாக்கப் படுத்துக்கோணும். ஊட்டு ஆள் ஒருத்தரு அவன் கையைத் தாங்கிப் புடிச்சு, மெதுவா மேல தூக்கி, காதுகிட்டக் கொண்டு போகோணும். அவன் தன்னோட பலத்தைப் போடக் கூடாதாம். கையை முழுசா அடுத்த ஆளுகிட்ட விட்டுப் போடோணும். அவன் பலம் போட்டா உள்ள தையல் போட்ட எடம் புண்ணாயிருமாம். அந்தப் புள்ளை செஞ்சு காட்டுச்சு. அது கையில அவன் கை தொவைக்கப் போட்ட சட்டையாட்டம் கெடந்துதுங்க. லேசா, அப்பிடியே காது வரைக்கும் போச்சு.

அப்பறம் என்ற கையில குடுத்துச்சு. வாங்கிப் புடிச்சேன். மரமாட்டம் இருந்துதுங்க. தூக்கறேன், வர மாட்டேங்குது. லூசா விடுங்க சார்னு அவன்கிட்டச் சொல்லுச்சு. விட்டுட்டேன் மேடம்னான். அவன் விடத்தான் பாக்கறான், எனக்குத் தெரியுது. வேணும்னு பண்ணலை. கண்ணை மூடிட்டு, பல்லைக் கடிச்சுட்டு, விடறதுக்குப் பாடுபடறான். நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. கை விட மாட்டேங்குது.

அந்தப் புள்ளை வாங்குச்சு, உடனே துவண்டுருச்சு. மறுபடி என்ற கையில வச்சுது. மறுபடி மரம். எத்தனை தடவைங்க, மாத்தி மாத்தி. அதுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் புள்ளைதானே, சிரிச்சுட்டே சொல்லுது, அப்பாதானே புடிச்சிருக்காரு, எதுக்கு சார் பயப்படறீங்கன்னு. கிருபா கண்ணைத் தொறக்கலை. அப்பா நல்லாத்தான் புடிச்சிருக்காரு மேடம், எனக்குத்தான் விடத் தெரியலைன்னான்.

இந்தத் தடவையும் ஆமான்னு சொல்லிப் போடலாம்னுதாங்க வாயைத் தொறந்தேன். அவன் கை என்ற கையில இருக்குது, நான் சும்மா புடிச்சுட்டு நிக்கறேன்.

ஊட்டுல வேற யாராச்சும் இருக்காங்களான்னு அந்தப் புள்ளை கேட்டுச்சு. அவங்கம்மா இருக்கறாங்கன்னு சொன்னேன். அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க, நான் பழக்கி விடறேன்னுச்சு. செரிம்மான்னு கையைக் கீழ வச்சேன். சட்டை போட்டு விடலாம்னு எடுத்தேன், நானே போட்டுக்கறேன்ப்பா, நீங்க போய் உக்காருங்கன்னான்.

அவ்வளவுதானுங்க. நாளைக்கு அவங்கம்மா வருவாங்க. நான் வர மாட்டேன்.